கொடி கிழக்கே பறந்தது

எங்கள் கம்பெனியில் சுதந்திர தினம் என்றால் அரை மணி நேர வேலை. மேனேஜர் கயிற்றை இழுப்பார், பூ உதிரும், கை தட்டுவோம். ஆளுக்கொரு லட்டும் மிக்சர் பொட்டலமும் வாங்கிக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸிலேயே திரும்பிவிடுவோம். இரண்டு வருடங்களுக்கு முன்பு மட்டும், குடும்பத்தோடு வரலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். காலை நாஷ்டா கேன்டீனில். குழந்தைகள் டான்ஸ் ஆடலாம். யாருக்கு இந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வேலை செய்யும் ஹாலில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், இறாலை உரித்து உறைய வைத்துக் கப்பலுக்கு அனுப்பும் தொழிற்சாலை அது. உரிக்கும் ஹாலில் நான் சூப்பர்வைசர். பேக்கிங்கில் சூப்பர்வைசராக இருப்பவள் என் தோழி. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒன்பது வருடமாக ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறவர்கள். விழா முடிந்ததும் எங்கள் குடும்பம் மொத்தமும் டவுனில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. அவள் வீட்டுக்காரர் பிரியாணி செய்வதற்காக விழாவுக்கே வராமல் வீட்டில் தங்கிவிட்டார்.

என் பக்கத்தில் மூன்று பேர் வந்தார்கள். முதலாவது நைனா, என் அப்பா. பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிறவர். நான் வேலை செய்யும் இடத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. "ஐஸு ஊட்டுக்குள்ள உக்காந்து எறால் உரிக்கிற பொழப்பு" என்பார். அதைப் பார்க்க அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டாவது என் கணவர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது வருடத்துக்கு நான்கைந்து முறைதான். மூன்றாவது எங்கள் மகள், அப்போது ஏழு வயது. டான்ஸ் ஆடப் போகிறவள்.

கேட்டில் எல்லாருடைய செல்போனையும் வாங்கி டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே போன் கூடாது என்பது எங்களுக்குப் பழக்கம். என் கணவர்தான் முணுமுணுத்தார். "கொடியேத்துற அன்னிக்குக் கூடவா? ஒரு போட்டோ எடுக்கக் கூடாதா?"

உள்ளே நுழைந்ததும் வலது கைப்பக்கம் கேன்டீன். அதைத் தாண்டினால் பெரிய சிமெண்ட் முற்றம், நடுவில் கொடிக்கம்பம். முற்றத்தின் மேற்குக் கோடியில் மெஷின் ரூம். குளிர் அறைகளுக்கு வேண்டிய அம்மோனியாவை ஓட்டும் எந்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன. மற்ற எல்லாவற்றுக்கும் லீவு விடலாம், அதற்கு விட முடியாது. தெற்கே லாரிகள் வந்து சரக்கு ஏற்றும் இடமும், அவற்றுக்கான தனி கேட்டும்.

தோழியிடம் குழந்தைகளை ஒப்படைத்திருந்தார்கள். பதினோரு பேர். கேன்டீனுக்குள் வைத்து அவர்களுக்குக் காவி, வெள்ளை, பச்சை ரிப்பன்களைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். என் மகளை அங்கே விட்டுவிட்டுத் திரும்பியபோது மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ மைக்லயே நின்னுக்கினு இருப்பியா, இல்ல முன்னாடி வந்து பாப்பியா?"

"முன்னாடி வந்து பாப்பேன்."

வரவேற்புரை வாசிக்க என்னைத்தான் போட்டிருந்தார்கள். ஆபத்து வந்தால் ஆட்களை வெளியேற்றும் அவசரக் குழுவிலும் நான் உண்டு. பெண்கள் தரப்பில் ஒருவர் வேண்டும் என்று பெயரைச் சேர்த்து, மூன்று நாள் பயிற்சி கொடுத்து, ஒரு சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். பயிற்சியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அம்மோனியா கசிந்தால் ஓடாதே, முதலில் காற்றைப் பார். காற்று போகும் பக்கம் போகாதே, குறுக்கே போ. காற்றைக் காட்டுவதற்காக மெஷின் ரூம் கூரையில் ஒரு ஆரஞ்சு நிறத் துணிப்பை கட்டியிருப்பார்கள். அந்தக் கோடையில் வெயிலில் இற்றுப்போய் அது வெறும் வளையமாக நின்றது. மாற்றச் சொல்லி ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். பிறகு நானும் மறந்துவிட்டேன்.

ஒன்பதே காலுக்குக் கொடியேறியது. நல்ல காற்று இருந்ததால் மேலே போனதுமே விரிந்துகொண்டது. ஜன கண மன பாடினோம். எங்களோடு வேலை செய்யும் ஒடிசா, ஜார்கண்ட் பக்கத்துப் பெண்கள் எங்களைவிட நன்றாகப் பாடினார்கள். நைனா கடைசி வரிசையில் விறைப்பாக நின்றிருந்தது மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது. மேனேஜர் பேச ஆரம்பித்தார்.

அவர் பேச்சின் நடுவில்தான் அந்த அம்மோனியா நாற்றம் வந்தது. எங்களுக்கு அது புதிதல்ல. என்றைக்காவது லேசாக மூக்கில் ஏறும், கண்ணைக் கசக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். இது அப்படி இல்லை. மூக்குக்குள் ஊசி போட்டது போல இருந்தது. அடுத்து ஒரு சீறல் கேட்டது, பிரஷர் குக்கர் விசிலை யாரோ தூக்கிவிட்டது போல, நிற்காமல். மெஷின் ரூமின் பக்கவாட்டு ஜன்னல்களிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. மேலே ஏறவில்லை. குளிரில் கனத்து, முற்றத்தின் வடக்கு ஓரமாகத் தரையோடு தரையாக நகர்ந்தது.

சைரன் அடித்தது. அவ்வளவுதான், கூட்டம் எழுந்துவிட்டது.

இருநூறு பேருக்குமேல் இருந்தோம். பாதிப்பேர் அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே வந்தவர்கள். வந்த வழிதான் அவர்களுக்குத் தெரியும். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எல்லாரும் மெயின் கேட்டை நோக்கி ஓடினார்கள். பாதுகாப்பு அதிகாரி மெஷின் ரூம் பக்கம் ஓடினார். மேனேஜர் மைக்கை விட்டுவிட்டு இறங்கிவிட்டார். நான் கூரையைப் பார்த்தேன். வெறும் வளையம். அப்புறம்தான் எதிரிலேயே இருந்த கொடி கண்ணில் பட்டது.

கொடி கிழக்கே பறந்துகொண்டிருந்தது. மடிப்பே இல்லாமல், நேராக, மெயின் கேட்டைக் கை காட்டுவது போல.

புகை எங்கே போகும் என்று அப்போது புரிந்தது. எல்லாரும் ஓடுகிற இடத்துக்குத்தான் அதுவும் போய்க்கொண்டிருந்தது. அந்த வழியில்தான் கேன்டீனும் இருந்தது.

மைக்கை எடுத்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "கேட்டுக்குப் போவாதீங்க! காத்து அந்தப் பக்கம் போவுது! லாரி கேட்டுக்கு வாங்க, இந்தாண்ட வாங்க!" அதையே தெரிந்த இந்தியிலும் கத்தினேன். "உதர் நஹி, இதர்! இதர் ஆவ்!" முன்னால் ஓடிய சிலர் நின்று திரும்பினார்கள். இரண்டாவது முறை சொல்வதற்குள் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மைக் செத்துப்போனது. மேடையிலிருந்து குதித்து, கூட்டத்துக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். என் ஹாலில் உரிக்கிற பெண்கள்தான் முதலில் என் பேச்சைக் கேட்டார்கள். அவர்கள் திரும்பியதும் அவர்கள் வீட்டார் திரும்பினார்கள், அதைப் பார்த்து மற்றவர்கள்.

அப்போது என் கணவர் எங்களைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடினார். கேன்டீனை நோக்கி.

எனக்கும் கால்கள் அந்தப் பக்கம்தான் போகப் பார்த்தன. இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். நான் யோசித்து முடிவெடுக்கவில்லை. மகளா, கூட்டமா என்று தராசில் வைத்துப் பார்க்கவில்லை. யாரோ ஒரு பெண் கைக்குழந்தையோடு என் தோளைப் பிடித்து, "எங்கக்கா, எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நான் தெற்கே கை காட்டினேன். அடுத்தவர் கேட்டார், காட்டினேன். அப்படியே கூட்டத்தோடு தெற்கே ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். கேன்டீன் கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் புகை, வேட்டியை விரித்துப் போட்டது போலக் கடந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து என் கணவர் இருமிக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல், கைகளால் துழாவிக்கொண்டு வெளியே வந்தார். நைனா ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுத்து வந்தார்.

"வுடு மாமா, புள்ள உள்ள கீது!"

"உள்ள கீறவங்க உள்ளயே இருக்கட்டும், நீ வா!" நைனா அவரை விடவில்லை. தெருவில் சண்டை பிரிக்கிற மாதிரி இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தார்.

லாரி கேட்டுக்குப் போனால், பூட்டு. லீவு நாள் என்று சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி மெயின் கேட் செக்யூரிட்டியிடம் இருந்தது. பின்னால் இருநூறு பேர் வந்து முட்டுகிறார்கள், குழந்தைகள் அழுகின்றன, எல்லாருக்கும் கண்ணில் நீர் கொட்டுகிறது. நான் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர்தான் என்னைத் தள்ளிவிட்டு வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. தினமும் இப்படிப்பட்ட கேட்டுகளுக்குள் நுழைந்து வெளியே வருகிறவர் அவர். "இது தள்ளு கேட்டு. தண்டவாளத்து மேல ஓடுது. பூட்ட வுடுங்க, அந்த மூலையத் தூக்குங்க" என்றார். எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து பிடித்தார்கள். ஒருவர் "ஏலேலோ" என்று குரல் கொடுத்தார், வடக்கத்திப் பையன்கள் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார்கள். மூன்றாவது தூக்கலில் சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழுந்து, கேட் சாய்ந்தது. இரண்டு ஆள் நுழைகிற இடைவெளி. குழந்தை வைத்திருந்தவர்களை முதலில் விட்டோம்.

எல்லாரும் ரோட்டுக்கு வந்ததும் என் கணவர் மதில் சுவரை ஒட்டி, மெயின் கேட்டுக்குப் போகும் ரோட்டில் ஓடினார். நான் கூடப் போயிருக்க வேண்டும். ஆனால் ஆட்களை எண்ண வேண்டியது என் பொறுப்பு. யாராவது உள்ளே விட்டுப்போயிருந்தால் தேடப் போகிறவர்களுக்கு என்னால்தான் சொல்ல முடியும். செக்‌ஷன் வாரியாக உட்கார வைத்தேன். ஒவ்வொரு வரிசையிலும் கை வைத்து எண்ணினேன். நான்கு முறை தப்பாகி, ஐந்தாவது முறை சரியாக வந்தது. மெஷின் ரூம் ஆட்களையும், அங்கே ஓடிய பாதுகாப்பு அதிகாரியையும், மெயின் கேட்டில் நின்ற செக்யூரிட்டியையும் தவிர எல்லாரும் இருந்தார்கள். பதினோரு குழந்தைகளும் என் தோழியும் இல்லை.

அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "நீதான மைக்ல பேசுன? உள்ள புள்ளைங்க கீதுன்னு சொல்ல வேணாமா?" என்று கேட்டாள். நான் அவளிடம் என் மகளும் உள்ளேதான் இருக்கிறாள் என்று சொல்லவில்லை. சொன்னால் என்னவோ உடைந்துவிடும் போல இருந்தது.

அங்கிருந்து மதிலுக்கு மேலே கொடி மட்டும் தெரிந்தது. நைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல் காத்து ஏறுற நேரம் வருது பாப்பா. அது ஏறுனா பொக அந்தாண்ட திரும்பிடும்."

"எப்ப நைனா?"

"மணி பதினொன்னு ஆவும்." கொடியிலிருந்து கண்ணை எடுக்காமலே மறுபடி சொன்னார். "மாறுறதுக்கு முன்னாடி காத்தே இருக்காது. கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும்."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். காற்று நின்றால் புகை எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். கொடி ஒவ்வொரு முறை தொய்ந்தபோதும், அது மறுபடி விரியும் வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தீயணைப்பு வண்டி வந்த சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சும் இரைச்சலும் கேட்டது. அம்மோனியாவைத் தண்ணீர் குடித்துவிடும் என்று பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. அதைச் சுற்றி நின்ற அம்மாக்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். தண்ணி குடிச்சிடும், தண்ணி குடிச்சிடும் என்று, ஏதோ சாமி வந்தவள் போல. பிறகு சீறல் நின்றது. நின்றது என்று புரியவே எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மெயின் கேட் பக்கத்திலிருந்து ஒருவன் ஓடி வந்து, "புள்ளைங்க வெளிய வந்துடுச்சி!" என்றான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினோரு பேரும் ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலையில் ஈரத்துணி. கேன்டீன் மேஜை விரிப்பைக் கிழித்த துணி. ரிப்பன்களின் சாயம் ஒழுகி, வெள்ளைச் சட்டைகளில் காவியும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. என் மகள் அவள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கை நீட்டினேன். அவள் வரவில்லை.

"நான் ஜன்னல்லேந்து உன்னப் பாத்தேன்" என்றாள். "நீ அந்தப் பக்கம் ஓடுன."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். என் கணவர் வேறெங்கோ பார்த்தார்.

தோழி கடைசியாக வந்தாள். நடந்ததை அவள் கோர்வையாகச் சொல்லவில்லை, கேட்கக் கேட்கச் சொன்னாள். சைரன் அடித்ததும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே ஓடத்தான் கதவைத் திறந்திருக்கிறாள். புகை வருவதைப் பார்த்ததும் திரும்ப மூடிவிட்டாள். கண்ணாடி ஜன்னல்களைச் சாத்தி, சமையல் புகையை வெளியே இழுக்கிற பெரிய மின்விசிறியின் துளையை அடைத்து, மேஜை விரிப்புகளைக் குடிநீர் கேனில் நனைத்துக் கதவு இடுக்குகளில் திணித்திருக்கிறாள். மீதியைக் கிழித்துக் குழந்தைகளின் முகத்தில் கட்டி, எல்லாரையும் சமையற்கட்டின் கடைசி மூலையில் உட்கார வைத்திருக்கிறாள். அவளுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. அந்தக் குழுவில் என் பெயர்தான் இருந்தது.

மெஷின் ரூம் ஆட்கள் இரண்டு பேரையும் மெயின் கேட் செக்யூரிட்டியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பேரும் சில நாட்களில் வீடு திரும்பினார்கள். ஒருவருக்கு மட்டும் கண்ணில் தொந்தரவு பல மாதம் இருந்தது. ஒரு வால்வின் கழுத்தில் கசிவு என்றார்கள்.

பிரியாணியை என்ன செய்வது? தோழியின் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் போய் நின்றபோது டிவியில் டெல்லி நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு, தம் போட்ட மூடியைப் பிரிக்க எங்களுக்காகக் காத்திருந்தார். எல்லாரும் வரிசையாகக் குளித்தோம். அவளுடைய நைட்டிகளில் ஒன்றை நான் போட்டுக்கொண்டேன். உட்கார்ந்தோம். நைனாதான் முதலில் கை வைத்தார். "துன்னுங்க, துன்னுங்க. துன்னாதான் ஒடம்பு நம்ம ஒடம்புன்னு தெரியும்."

என் கணவர் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஊரையெல்லாம் மைக்ல கூப்ட்ட. நம்ம புள்ளய கூப்ட்டியா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அவ கூப்பிடாததுதாண்ணா நல்லது" என்றாள் தோழி. "நீங்க வந்து கதவத் தட்டுனீங்களே, எனக்குக் கேட்டுச்சி. புள்ள அப்பா, அப்பான்னு கத்துது. நான் தொறக்கல. கைய கதவுமேல வெச்சிக்கினு நின்னேன், தொறக்கல. இவளும் வந்து தட்டியிருந்தா தொறந்திருப்பேன். எனக்கு இவகிட்ட மாட்டேன்னு சொல்லத் தெரியாது." சொல்லிவிட்டு எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நான் பின்னாலேயே போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது என் கணவர் எங்கள் இரண்டு பேர் இலையிலும் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்று எதையும் அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றுவரை அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

ஆனால் மகள் எடுத்தாள். நான்கைந்து மாதம் கழித்து ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ கேன்டீனுக்கு வந்திருந்தா கதவத் தட்டியிருப்பியா?"

"தட்டியிருப்பேன்."

"ரொம்ப தட்டியிருப்பியா?"

"ஒடச்சே இருப்பேன்."

அவள் ரிப்பன் நுனியை விரலில் சுற்றினாள். "அப்ப நீ வராம இருந்தது சரிதான்" என்றாள். பிறகு, "இவ்ளோ இறுக்கமா பின்னாத, வலிக்குது" என்றாள். நான் பின்னலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னினேன்.